ஒரே மட்டம்

குளியலறைச் சுவரோரம் வாளிகள் வரிசையாக நின்றன. எல்லாவற்றிலும் உப்புத் தண்ணீர். ஒவ்வொன்றிலும் ஒரு டைல்ஸ் துண்டு முழுகிக் கிடந்தது. கடை கடையாக ஏறி, சாம்பிள் வேண்டும் என்று நச்சரித்து வாங்கி வந்து மருமகள் ஊறப் போட்டிருந்தாள். வாளிப் பிடியில் பிளாஸ்திரி ஒட்டி, எந்தக் கடை, எந்தத் தேதி என்று எழுதியிருந்தாள். ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்ப்பவள். எதையும் ஊறவைத்து, எடைபோட்டுப் பார்க்காமல் நம்பமாட்டாள்.

ஐஸ்காரர் குளிக்க வந்தபோது முதல் வாளியிலேயே கால் விரலை இடித்துக்கொண்டார்.

"மாமா, வாளி இருக்கு, பாத்து வாங்கன்னு நேத்தே சொன்னேனே!"

"நான் பாத்துதான்மா வந்தேன். வாளிதான் என்னைப் பாக்கல."

சமையலறையிலிருந்து மருமகளின் சிரிப்புக் கேட்டது. அவரும் சிரித்துவைத்தார். பிறகு சுவரைத் தொட்டபடி நின்று, வாளிகள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்று பாதத்தால் தடவி மனத்தில் வாங்கிக்கொண்டார். அவருக்குக் கண் தெரியாது என்பது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

முழுக்கத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. வெளிச்சம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது தெரியும். அதற்கு முன்னால் யாராவது அசைந்தால் ஒரு கறுப்பு போய் வருவது தெரியும். மற்றபடி கண்ணுக்குள் பாலை ஊற்றிவைத்ததுபோல் இருந்தது. முதலில் ஓரங்கள் போயின. பக்கத்திலிருந்து நீட்டிய தேநீரை வாங்காமல் அவர் உட்கார்ந்திருந்தபோது, "அப்பாவுக்கு ரிட்டையர் ஆனதும் முதலாளி ஆயிட்டோம்னு நெனப்பு" என்று மகன் கிண்டல் செய்தான். பிறகு நடுவும் மங்கியது. ஒருமுறை யாருக்கும் சொல்லாமல் டாக்டரிடம் போனார். "நரம்பு போயிட்டிருக்குங்க. போனது வராது. இருக்கறத வேணும்னா காப்பாத்தலாம், இந்தச் சொட்டு மருந்த விடாம போடணும்" என்றார் டாக்டர். விடாமல்தான் போட்டார், சவரப் பெட்டிக்குள் ஒளித்துவைத்து. மருந்து தீர்ந்தபோது, தனியாகப் போய் இன்னொன்று வாங்கி வரும் அளவுக்குக் கண் மிச்சமில்லை. யாரையாவது கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் எதற்கு என்று சொல்ல வேண்டும். விட்டுவிட்டார்.

மீன்பிடித் துறைமுகத்து ஐஸ் ஆலையில் வேலைக்குச் சேர்ந்து அங்கேயே தலை நரைத்தவர் அவர். உப்புக் கரைசல் தொட்டிகளுக்கு மேல் போட்ட மரப் பலகைகளில்தான் ஆயுள் முழுக்க நடந்தார். பலகை எப்போதும் நனைந்திருக்கும். கீழே உறைந்துகொண்டிருக்கும் தண்ணீர். வழுக்கி விழுந்தவர்களை அவர் தூக்கியிருக்கிறார். அவர் விழுந்ததில்லை. "இவனுக்கு உள்ளங்கால்ல கண்ணு" என்பார்கள். அதிகம் பேசாதவர், மேலாளரைப் பார்த்துப் பல்லிளிக்கத் தெரியாதவர் என்பதால், "ஊருக்கே ஐஸ் குடுப்பான், ஒருத்தனுக்கும் ஐஸ் வைக்கமாட்டான்" என்ற பேச்சும் உண்டு. ஐஸ்காரர் என்ற பெயர் அப்படி ஒட்டியது. வேலை போனபிறகும் போகவில்லை.

வீட்டிலும் இப்போது அவரைக் காப்பாற்றியது உள்ளங்கால்தான். ஹாலில் வழவழத்த பழைய சிமெண்டுத் தரை. அதில் குளியலறைக் கதவுவரை ஓடும் ஒரு விரிசல். பெருவிரலை அதில் வைத்தால் ரயில் தண்டவாளத்தில் போவதுபோலப் போய்விடலாம். சமையலறையில் சில்லென்ற கருங்கல். அவருடைய அறையில் சொரசொரத்த மொசைக். ஒவ்வொரு வாசலிலும் ஒரு கல் படி. கால் தட்டினால் அறை மாறுகிறது என்று அர்த்தம். தெருவாசலில் இருந்தது மற்றவற்றைவிட உயரம். அந்த வீட்டுக்குள் அவர் கண்ணிருப்பவரைவிட வேகமாக நடந்தார். அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

சொல்லிவிடலாம். சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். பேத்தியை அவர் கையிலிருந்து எடுத்துவிடுவார்கள்.

மூன்று வயது முடிந்த பேத்தி. மகன் கப்பல் பட்டறையில் வெல்டர், இருட்டியபிறகுதான் வருவான். மருமகள் வர சாயங்காலம் ஆகும். மதியம் பள்ளி வேன் எதிர்ப்பக்கம் வந்து நிற்கும். ஐஸ்காரர்தான் ரோட்டைத் தாண்டிப் போய்க் குழந்தையை இறக்கி, மறுபடி தாண்டி அழைத்து வருவார். லாரிகள் துறைமுகத்துக்குப் போகும் ரோடு அது.

போகும்போது காதை நம்பிப் போவார். வரும்போது ஒரு விளையாட்டு.

"நீதான் போலீசு. வண்டி வருதான்னு பாத்து, நீ சொன்னாத்தான் தாத்தா நகருவேன்."

"நில்லு தாத்தா. பச்ச வண்டி வருது."

"சரிங்க ஐயா."

"இப்ப வா. ஓடியா!"

குழந்தை கையைப் பிடித்து இழுக்கும். அவர் போவார். பயத்தில் முதுகு நனைந்துவிடும். வீட்டுக்குள் வந்து தாழ்ப்பாள் போட்டதும், நாளை முதல் மாட்டேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். நாளை வேன் வந்து ஹாரன் அடிக்கும். அந்தப் பொடி விரல்கள் உள்ளங்கையில் புகுந்துகொள்ளும்போது, எல்லாம் தெரிவதுபோல இருக்கும் அவருக்கு. வீட்டில் எல்லாரும் அவளைப் போலீஸ் என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

தரையை மாற்றியே ஆக வேண்டும் என்ற பேச்சு வந்ததும் குழந்தையால்தான். கடல் காற்றில் உப்பும் ஈரமும் கூட்டாளிகள். தரைக்கு அடியிலிருந்து ஈரம் ஏறியது. ஏறும்போது உப்பையும் தூக்கிக்கொண்டு வந்தது. சிமெண்டில் வெள்ளையாகப் பூத்து, பிறகு அப்பளம்போலப் பொரிந்து பெயர்ந்தது. மொசைக் இடுக்குகளில் கறுப்புப் பூஞ்சை. போலீசுக்கு இருமல் விடவே இல்லை. பெயர்ந்த சில்லு ஒன்று ஒருநாள் அவள் குதிகாலைக் கிழித்தது.

"இது தரை இல்ல, சொறி புடிச்ச நாய்" என்றான் மகன். "மொத்தமா டைல்ஸ் போட்டுடலாம்."

ஐஸ்காரர் மட்டும், "சிமெண்டையே திருப்பிப் பூசிடலாமே" என்றார்.

"பூசலாம். அடுத்த வருஷம் அதுவும் பூக்கும், ரோஜாத் தோட்டம் மாதிரி."

வாளிகள் வந்தது அதற்குப் பிறகுதான். ஊறிய துண்டுகளை எடுத்துத் துடைத்து, லேபில் கொண்டுபோய் எடை போட்டாள் மருமகள். தண்ணீர் குடித்தவை கனத்திருந்தன. "சுவர்ல ஒட்டற ரகம். ஸ்பாஞ்சு மாதிரி குடிக்குது. இத நம்ம தரையில போட்டா உப்பு உள்ள போய் மேல்பூச்சத் தூக்கிடும்" என்று இரண்டைத் தெருவில் எறிந்தாள். எடை கூடாதவை மூன்று தேறின. அவற்றைச் சாணைக்கல்லால் கீறிப் பார்த்தாள். ஒன்றில் மேல்தோல் உரிந்து உள்ளே வேறு நிறம் தெரிந்தது. அதுவும் போனது.

கடைக்கு அவரையும் அழைத்துப் போனார்கள்.

குளிரூட்டிய கடை. வெளிச்சம் எல்லாப் பக்கமிருந்தும் வந்ததால் ஐஸ்காரருக்கு எந்தப் பக்கமும் இல்லாமல் போயிற்று. மகன் தோளைத் தொட்டபடி, வயசாகிவிட்டவர்போல நடந்தார். விற்பனையாளர் தேன் குடித்த குரலில் பேசினார்.

"இதப் பாருங்க மேடம். இதுல முகம் பாத்துத் தலை சீவலாம்."

"தலை சீவ வீட்ல கண்ணாடி இருக்குங்க. இதுல நடக்கணும்" என்றாள் மருமகள். "தரை வேர்க்கற ஊரு இது. குளிர் விட்டு ஈரக் காத்து வரும்போது உங்க கண்ணாடியில தண்ணி நிக்கும். கடைக்குள்ள ஏசி இருக்கறதால தெரியல."

ஐஸ்காரர் அதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டு, கீழே பரப்பியிருந்த சாம்பிள்கள்மேல் ஏறியிருந்தார். வழவழ. வழவழ. அதற்கடுத்து ஒன்று பாதத்தைப் பிடித்தது. குட்டிக் குட்டியாகப் புள்ளி எழும்பிய பரப்பு. நின்றுவிட்டார்.

"இது எடு."

"ஐயா, அது பாத்ரூமுக்குப் போடறது."

"ஹால்ல போட்டா ஹால் கோச்சுக்குமா?"

மகன் தலையில் அடித்துக்கொண்டான். "அப்பா, மீன் ஏலம் விடற எடத்துல போட்டிருப்பாங்களே, அது மாதிரி இருக்கு. இதுல அழுக்கு உக்காந்தா பல்லு குச்சிய வெச்சுதான் நோண்டணும்."

"சரி, ஹால்ல வழவழன்னு போடு. ரூம்ல இது. சமையல்கட்டுல வேற ஒண்ணு. ஆளுக்கு ஒரு சொக்கா மாதிரி, அறைக்கு ஒண்ணு."

"சர்க்கஸ் கூடாரமா கட்டறோம்? கோமாளி யாரு, நீங்களா நானா?"

விற்பனையாளரும் சிரித்தார். மருமகள் சிரிக்கவில்லை என்பதை ஐஸ்காரர் கவனித்தார்.

"மாமா, எல்லாம் ஒரே ரகமா, ஒரே லாட்டுல வாங்கினாத்தான் நெறம் மாறாது. நாளைக்கு ஒண்ணு ஒடைஞ்சாலும், எந்த ரூமா இருந்தாலும் மாத்திக்க கையில ரெண்டு பெட்டி இருக்கும். இந்தாங்க, இதத் தொட்டுப் பாருங்க. பளபளப்பு இல்லாத ரகம். வழுக்காது."

விரலால் தடவினார். வழுக்காதுதான். முட்டை ஓடுபோல இருந்தது. ஆனால் அதில் எழுத்தே இல்லை. எங்கே தொட்டாலும் ஒன்றுபோலவே இருந்தது.

இப்போது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தார். ஒரே ஒரு வாக்கியம். தொண்டைவரை வந்துவிட்டது. அப்போது மருமகள் விற்பனையாளரிடம் சொன்னாள்: "வீட்ல பகல் முழுக்க இருக்கறது இவரும் என் பொண்ணுந்தான். இவர் பாத்துக்கறதாலதான் நான் நிம்மதியா வேலைக்குப் போறேன். இவர் சரின்னு சொன்னாத்தான் எடுப்பேன்."

வாக்கியம் வந்த வழியே இறங்கிவிட்டது.

"சரிம்மா. நல்லாத்தான் இருக்கு" என்றார் ஐஸ்காரர்.

டைல்ஸ் மேஸ்திரி வாயாடி. வேலையில் சுத்தம். அரைகுறையாக நாலு மூலையில் கலவை வைத்து ஒட்டக்கூடாது, அடியில் வெற்றிடம் இருந்தால் ஈரம் குடியேறும் என்று மருமகள் சொல்லத் தொடங்கியபோது, "அக்கா, நீங்க ரத்தம் எடுக்கறப்ப நான் வந்து ஊசி எப்படிப் புடிக்கணும்னு சொல்றேனா?" என்றார். ஆனால் சொன்னபடியே செய்தார். அடி முழுக்கக் கலவை பரப்பி, இரண்டு டைல்ஸுக்கு நடுவே பிளாஸ்டிக் துண்டு வைத்து இடைவெளி விட்டார். வெயிலில் டைல்ஸ் விரியும், இடமில்லாவிட்டால் முட்டிக்கொண்டு எழும்பும் என்று அவருக்கும் தெரியும். அந்த இடைவெளிகளையாவது நம்பியிருந்தார் ஐஸ்காரர். விரலுக்கு ஒரு கோடு கிடைக்கும் என்று. சிமெண்டை அடைத்தால் பூஞ்சை பிடிக்கும் என்று மருமகள் எபாக்ஸி என்ற பிசின் கலவையை வாங்கிக் கொடுத்தாள். அது டைல்ஸோடு டைல்ஸாக வழித்துவிட்டதுபோல உறைந்தது. கோடு எங்கே என்று நகத்துக்கும் அகப்படவில்லை.

அடுத்தது படிகள். உளிச்சத்தம் கேட்டு அறையிலிருந்து எழுந்து வந்தார்.

"என்ன பண்றீங்க?"

"படியத் தூக்கறேன் அண்ணே. ஹால், ரூம், சமையல்கட்டு, வெளிய வராந்தா, எல்லாம் ஒரே மட்டம். பந்த விட்டா உருண்டுகிட்டே போகும்."

"எதுக்கு உருளணும்? வாசப்படி இல்லாட்டி மழைத்தண்ணி உள்ள வரும்."

"வராந்தாவுக்கு வெளிப்பக்கமா வாட்டம் குடுத்திருக்கேன். ஒரு சொட்டு வராது."

"தெருவாசல்ல மட்டும் விடேன்."

"அதுல இடறித்தான் அன்னிக்குப் போலீசு விழுந்தாங்களாம். அக்கா எடுக்கச் சொல்லிட்டாங்க. உங்க வயசுக்கும் இதுதான் நல்லது அண்ணே. கண்ண மூடிக்கிட்டு நடக்கலாம்."

ஐஸ்காரர் கல் பெயர்ந்து விழும் சத்தத்தை நின்று கேட்டார்.

வேலை முடிந்தது. தெருவே வந்து பார்த்தது. எதிர்வீட்டுத் தையல்காரம்மா செருப்பை ரோட்டிலேயே விட்டுவிட்டு ஏறி, "வீடு பெருசாயிட்ட மாதிரி இருக்கு!" என்றாள்.

பெரிதாகத்தான் ஆகியிருந்தது. முடிவே இல்லாததாக ஆகியிருந்தது. முதல் நாள் ஐஸ்காரர் கட்டிலிலிருந்து எழுந்து நடந்தார். படி தட்டவில்லை. இன்னும் நடந்தார். அறையை விட்டு வந்துவிட்டோமா, இல்லையா? கால் சொல்லவில்லை. கடல் நடுவில் துடுப்பு நழுவியவன்போல நின்றார். ஃப்ரிட்ஜ் உறுமுவது இடப்பக்கம் கேட்டது. அப்படியென்றால் இது ஹால். ஃப்ரிட்ஜை வைத்துச் சமையலறையையும், சொட்டும் குழாயை வைத்துக் குளியலறையையும், சுவர்க் கடிகாரத்தை வைத்துத் தன் அறையையும் மறுபடி கண்டுபிடித்தார். மகன் குழாயைச் சரிசெய்ய வந்தபோது, "கெடக்கட்டும், ஆளில்லாத பகல்ல அதுதான் பேச்சுத்துணை" என்றார். மகன் சிரித்துக்கொண்டே திருகிவிட்டுப் போனான். சொட்டு நின்றது.

நடை மெதுவாயிற்று. "புதுத் தரைக்கு மரியாதையா மாமா?" என்றாள் மருமகள். ஆனால் சில நாட்களாக அவள் பேச்சை நிறுத்திவிட்டு ஓசைப்படாமல் இடம் மாறினாள். பேச்சு நின்ற இடத்தைப் பார்த்து அவர் தலையாட்டிக்கொண்டிருந்தபோது, அவள் மூச்சு வேறு பக்கம் கேட்டது. சோதிக்கிறாளா, தற்செயலா என்று அவருக்குத் தெரியவில்லை. அதிலிருந்து அவள் வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் அவர் உட்கார்ந்தே இருந்தார்.

குளிர் விட்ட வாரம், கடல் பக்கமிருந்து ஈரக் காற்று திரும்பியது. சுவர் வேர்த்தது. தரை வேர்த்தது. வேலைக்குக் கிளம்பும்போது, "மாமா, கதவு ஜன்னல் எல்லாம் மூடியே இருக்கட்டும். தொறந்தா ஈரம் உள்ள வந்து தரையெல்லாம் தண்ணியாயிடும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மதியம் போலீஸ் வந்தாள், சாப்பிட்டாள், தூங்கினாள். அவள் தூங்கிய சிறிது நேரத்தில் மின்சாரம் போயிற்று. மின்விசிறி நின்றது. ஃப்ரிட்ஜ் ஒருமுறை 'டக்' என்றது, பிறகு அதுவும் இல்லை. சுவர்க் கடிகாரம் பேட்டரி தீர்ந்து முந்தின நாளே நின்றுவிட்டிருந்தது. புழுக்கம் கழுத்தைப் பிடித்தது. குழந்தை தூக்கத்தில் இருமினாள். ஒரு நிமிஷம் காற்று வரட்டும் என்று ஐஸ்காரர் சுவரைப் பிடித்தபடி போய்த் தெருக்கதவைத் திறந்தார். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணை மூடினாரா என்று அவருக்கே தெரியாது. மூடினாலும் திறந்தாலும் ஒன்றுதான்.

ஈரத்தில் சின்னப் பாதங்கள் சப்புச் சப்பென்று ஓடும் சத்தம் கேட்டுத்தான் நிமிர்ந்தார்.

"போலீசு?"

கிளுக் என்று ஒரு சிரிப்பு. எதையோ இழுக்கும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

"எங்கடா கண்ணு இருக்க? தாத்தாகிட்ட வா."

பதில் இல்லை. கதவு திறந்திருக்கிறது என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. எழுந்தார். அதே நேரம் ரோட்டில் லாரி ஒன்று கிறீச்சென்று பிரேக் போட்டது. மெத்தென்று ஏதோ ஒன்றின்மேல் சக்கரம் ஏறி இறங்கும் சத்தம். லாரி நிற்கவில்லை. வேகமெடுத்துப் போயிற்று.

ஐஸ்காரர் வாசலை நோக்கி ஓடினார். ஈரத் தரையில் பட்ட வெளிச்சம் எல்லாப் பக்கமும் சிதறியிருந்தது. ஓடிய திசையில் சுவர் இருந்தது. நெற்றியில் பட்டுத் திரும்பினார். கையை நீட்டிக்கொண்டு மறுபக்கம் போனார். ஒரு கதவு. அதைத் தாண்டினார். கால் பின்னி விழுந்தார். மண்டியிட்டு இரண்டு உள்ளங்கைகளாலும் தரையைத் துழாவினார். ஈரம், ஈரம், எங்கே தொட்டாலும் அதே முட்டை ஓடு. தான் பிறந்ததிலிருந்து நடந்த வீட்டில் வாசல் எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியவில்லை.

"போலீசு! சத்தம் குடுடா!"

பிறகு, இத்தனை காலம் தொண்டையில் வைத்திருந்ததைக் கத்தினார். "யாராவது வாங்க! பாப்பா ரோட்டுக்குப் போயிட்டா! எனக்குக் கண்ணு தெரியல! எனக்குக் கண்ணே தெரியாது!"

தையல் இயந்திரம் நின்றது. யாரோ ஓடி வந்தார்கள். மூச்சு வாங்கும் சத்தம் அவருக்குப் பின்னால் கேட்டது.

"ஐயா, எதுக்குப் பாத்ரூமப் பாத்துக் கத்துறீங்க?"

"பாப்பா... பாப்பா ரோட்டுல..."

"பாப்பா உங்க பின்னாடிதான் நிக்குறா." தையல்காரம்மாவின் குரல் இறங்கியது. "வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்குறா. நீங்க வெளையாட்டுக் காட்டறதா நெனச்சிருக்கா." ஜன்னல் பக்கம் நடந்தாள். அதைத் திறக்கும் சத்தம் கேட்டது. "ரோட்டுல ஒரு தலைகாணி கெடக்கு. நசுங்கிக் கெடக்கு. இவதான் வராந்தாவுல இருந்து தூக்கிப் போட்டிருக்கணும்."

ஈரமான இரண்டு கைகள் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டன. "தாத்தா, நாந்தான் ஜெயிச்சேன்."

சாயங்காலம் மருமகள் வந்தாள். தெருவிலேயே எல்லாம் கேட்டுவிட்டிருந்தாள். குழந்தையைத் தையல்காரம்மாவிடம் விட்டுவிட்டு, தெருக்கதவைச் சாத்தாமலே தனியாக உள்ளே வந்தாள். மின்சாரம் இன்னும் வரவில்லை. கைப்பையை வைத்த சத்தம் கேட்டது. அவளிடமிருந்து லேபின் ஸ்பிரிட் வாசனை வந்தது. அவர் எதிரில் நிற்கிறாள் என்று அதனால் தெரிந்தது.

"எத்தன நாளா மாமா?"

அவர் நாற்காலியின் கையைத் தடவினார்.

"எனக்கு ஒரு சந்தேகம் இருந்துச்சு. வயசுன்னு நெனச்சேன். கண்ணாடி மாத்தணும்னு நெனச்சேன்." அவள் குரல் உடைந்தது. "வேன்ல இருந்து எறக்கி ரோடு தாண்டிக் கூட்டிட்டு வந்தீங்களே. எப்படி?"

சொன்னார். விளையாட்டைச் சொன்னார். பச்சை வண்டியைச் சொன்னார். அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். வாய்க்குள் கையை வைத்துக் கடித்துக்கொள்வதுபோல் ஒரு சத்தம் வந்தது.

"என் பொண்ணுக்கு மூணு வயசு மாமா."

"இனிமே ரோட்டுக்குப் போகமாட்டேம்மா. சத்தியமா. வேன்காரரை இந்தப் பக்கம் வந்து எறக்கிவிடச் சொல்லு. வீட்டுக்குள்ள எனக்கு ஒண்ணுமில்ல. பொறந்து வளந்த வீடு. இன்னிக்குப் பதட்டத்துல தடுமாறிட்டேன். பிரேக் சத்தம் கேட்டா யாருக்கும் கை கால் ஓடாது."

"மாமா..."

"நம்பலியா? நீ பாத்துக்கிட்டே இரு. இங்க இருந்து எழுந்து நேரா என் கட்டில்ல போய் உக்கார்றேன். சுவரத் தொடமாட்டேன். அப்புறம் சொல்லு, பாப்பாவ என்கிட்ட விடலாமா வேணாமான்னு."

அவள் சாம்பிளைப் பார்க்காமல் முடிவு எழுதத் தெரியாதவள்.

"போங்க" என்றாள்.

ஐஸ்காரர் எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். வீடு ஓசையில்லாமல் இருந்தது. காற்று அசையவில்லை. வெளிச்சமும் போய்விட்டிருந்தது, எல்லாப் பக்கமும் ஒரே சாம்பல். நாற்காலியின் கையை விட்டார். ஆலையில் தொட்டிகளின்மேல் நடந்ததுபோல, பாதத்தை முழுதாகப் பதித்து, தூக்கி, பதித்து நடந்தார். தரை நழுவவில்லை. நல்ல டைல்ஸ். அவள் தேர்ந்தெடுத்தது சோடை போகவில்லை. இங்கேதான் படி இருந்தது என்று நினைத்த இடத்தில் பழக்கத்தில் காலைச் சற்றுத் தூக்கி வைத்தார். ரோட்டில் ஒரு சைக்கிள் மணி கேட்டது. தன் அறையின் தெருப்பக்க ஜன்னல் வழியாக அந்தச் சத்தம் எப்போதும் கேட்பதுதான். அறைக்கு வந்துவிட்டார். மார்பு லேசாயிற்று. கால் துளிகூடத் தடுமாறவில்லை.

"பாத்தியாம்மா?" என்றார். திரும்பாமல் சிரித்தார். "நான் சொன்னேன்ல. வந்துட்டேன்."

உட்காருவதற்காகக் கட்டில் விளிம்பைத் தேடிக் கையை நீட்டி, ஒரு காலை முன்னால் எடுத்தார்.

முதுகுச் சட்டையை யாரோ கொத்தாகப் பிடித்தார்கள். வெறும் காலோடு, ஓசையே இல்லாமல், கை எட்டும் தூரத்தில் அவள் பின்னாலேயே வந்திருக்கிறாள்.

"மாமா, நீங்க வராந்தா விளிம்புல நிக்கறீங்க. அடுத்தது ரோடு."

சட்டையைப் பிடித்த கை அவரைப் பின்னுக்கு இழுத்தது. அவருடைய கை மட்டும் நீட்டியபடியே, இல்லாத கட்டிலைக் காற்றில் தேடிக்கொண்டிருந்தது.